குமரி மாவட்டத்தில் ஹாம் ரேடியோ: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கன்னியாகுமரி என்று மாவட்டம் முழுக்கப் பரவியிருக்கும் ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள், சேர்ந்து நடத்தும் சிறிய கிளப் எங்களுடையது. மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்களும் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளில் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே பதிலோடு தந்திருக்கிறோம்.

செல்போன் இருக்கிற காலத்தில் ஹாம் ரேடியோ எதற்கு?

செல்போனில் பேசும்போது உங்கள் குரல் பக்கத்துக் கோபுரம் வரைக்கும்தான் காற்றில் போகிறது. அதற்கப்புறம் கேபிள், கம்பெனியின் கணினி, கோபுரத்துக்குக் கரண்ட் எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் பேச்சு போய்ச் சேரும். ஹாம் ரேடியோவில் நடுவில் யாரும் வேண்டாம். உங்கள் வீட்டு ஆண்டெனாக் கம்பியிலிருந்து கிளம்பும் அலை நேராகவோ, வானத்தில் பட்டுத் திரும்பியோ இன்னொருவர் வீட்டுக் கம்பியைத் தொடுகிறது. நேற்று கேட்டது இன்று ஏன் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்க வைக்க என்ன செய்யலாம் என்று மண்டையைக் குடைந்துகொள்வதில்தான் இதன் சுகமே இருக்கிறது. காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. அரசு தரும் உரிமத்தோடு, கற்றுக்கொள்வதற்காகவும் நாலு பேருக்கு உதவுவதற்காகவும் செய்வது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஹாம்தான்; அவருடைய அழைப்புக்குறி, அதாவது வானலையில் ஒருவரை அடையாளம் காட்ட அரசு தரும் பெயர், வி.யூ.2 ஆர்.ஜி.

கிளப்பில் அப்படி என்னதான் செய்கிறீர்கள்?

முதலில் சொல்ல வேண்டியது காலை நெட். குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் வந்து கூடுவதை நெட் என்போம். ஒருவர் நெட்டை நடத்துவார். மற்றவர்கள் அவர் அழைக்கும்போதுதான் பேச வேண்டும். அழைப்புக்குறி, இருக்கும் இடம், கரண்டில் ஓடுகிறதா பேட்டரியிலா, மற்றவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், இவ்வளவையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

"ஆரல்வாய்மொழியில காத்து பலமா அடிக்குது அண்ணாச்சி, ஆண்டெனா நிலையா நிக்கல. சிக்னல் எப்படி வருது?"

"அஞ்சு ஒன்பது வருது தம்பி. ஆனா ஏறி ஏறி இறங்குது. கேபிள் சேருற இடத்தையும் ஒரு தடவ பாத்துருங்க."

அஞ்சு என்பது பேச்சு எவ்வளவு தெளிவு என்பதற்கு, ஒன்பது என்பது சிக்னல் எவ்வளவு பலம் என்பதற்கு.

பெரிய விஷயம் எதுவும் இந்த நெட்டில் பேசுவதில்லை. ஆனாலும் கிளப்பின் மற்ற எல்லா வேலையையும்விட இதைத்தான் பெரிதாக நினைக்கிறோம். தினமும் வந்து பேசுகிறவருக்கு, யார் குரல் எவ்வளவு பலமாக வரும், எந்த ஊர் மழை நாளில் மங்கும் என்று காது பழகிவிடும். ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் விசாரிப்பார்கள். இரண்டு நாள் வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலருக்கு அன்றைய முதல் பேச்சே இந்த நெட்டில்தான் தொடங்குகிறது.

மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பழுதான கருவி, பாதி செய்த சர்க்யூட், அளந்து பார்க்க வேண்டிய ஆண்டெனா எதை வேண்டுமானாலும் கொண்டு வரலாம். சாயாவும் ரசவடையும் உண்டு. சால்டரிங், அதாவது ஈயம் உருக்கிப் பாகங்களை ஒட்டுவது, தெரியாதவர்களுக்கு அங்கேயே கற்றுக்கொடுப்போம். அப்புறம் ஆண்டு முழுக்க வரும் நாட்கள் சில இருக்கின்றன. ஏப்ரல் 18 உலக ஹாம் ரேடியோ தினம். 1925இல் பாரிஸில் சர்வதேச ஹாம் ஒன்றியம் உருவானதை ஒட்டி வருவது. ஆகஸ்டில் உலகம் முழுக்கக் கலங்கரை விளக்கங்களின் பக்கத்திலிருந்து ஹாம்கள் பேசும் வார இறுதி. முட்டமும் கன்னியாகுமரியும் இருக்கும் மாவட்டத்தில் அதை விட்டுவிட முடியுமா? அக்டோபரில் சாரணர்கள் வானலையில் சந்திக்கும் ஜம்போரி. பிள்ளைகள் அன்று எங்கள் உரிமத்தின் கீழ், எங்கள் கண்முன்னால் மைக்கைப் பிடித்து வேறு ஊர் பிள்ளைகளோடு பேசுவார்கள். கூச்சத்தில் பெயரைச் சொல்லவே தயங்கிய பிள்ளை, பதில் வந்ததும் மைக்கைத் திருப்பித் தர மனமில்லாமல் நிற்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம்.

உரிமம் வாங்குவது எப்படி?

மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூ.பி.சி. என்ற பிரிவு இருக்கிறது. அது நடத்தும் தேர்வில் தேறி, சரள் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டெட் நிலையில் தேறினால் வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. ஜெனரல் நிலைக்கு வி.யூ.2. ஜெனரலில் கூடுதல் பவரும் கூடுதல் அலைவரிசைகளும் கிடைக்கும். அதற்குப் புள்ளியும் கோடுமாக ஒலிக்கும் மோர்ஸ் குறியீட்டுத் தேர்வும் எழுத வேண்டும். குறைந்தபட்ச வயது 12.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தேர்வு நடத்தும் கண்காணிப்பு நிலையங்களில் ஒன்று திருவனந்தபுரத்தில். சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டியதில்லை. காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பலாம். தேதி அறிவித்ததும் நெட்டில் சொல்லுவோம். எழுதுபவர்கள் சேர்ந்தே போவது எங்கள் வழக்கம். தேறியதும் மறுநாளே பேசலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சரிபார்ப்பெல்லாம் முடிந்து உரிமம் கைக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

தேர்வு கஷ்டமா? எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது.

இரண்டு பகுதிகள்: ஒன்று ரேடியோ பற்றிய அடிப்படை, இன்னொன்று விதிமுறைகள். ஓம் விதி, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், அலைநீளம், ஆண்டெனா, ரிசீவர் எப்படி வேலை செய்கிறது என்ற அளவில்தான் கேள்விகள் வரும். பத்தாம் வகுப்பு அறிவியல் மறக்காமல் இருந்தால் பாதி தெரிந்த மாதிரி. வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் வகுப்பைத் தமிழில் நடத்திவிட்டு, தேர்வில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தனியாக எழுதிப் படிக்க வைக்கிறோம். ஆட்டோ ஓட்டுபவர், தையல் கடை நடத்தும் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒன்பதாம் வகுப்புப் பையன் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்துத் தேறியிருக்கிறார்கள். விதிமுறைப் பகுதியை மட்டும் லேசாக நினைக்காதீர்கள். தவறவிடுகிறவர்களில் பலர் அதில்தான் தவறவிடுகிறார்கள்.

மோர்ஸ் இன்னுமா?

ஆமாம். நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் தெரிந்தால் போதும். பேச்சு காதில் விழாத அளவு பலவீனமான சிக்னலில்கூட மோர்ஸ் ஒலி பிரிந்து கேட்கும். கருவியும் சின்னதாகச் செய்யலாம். புள்ளி, கோடு என்று எண்ணிப் படிக்காமல், எழுத்தின் ஓசையாகவே மனதில் பதிய வைத்தால் சீக்கிரம் வரும். தினமும் கால் மணி நேரம், தவறாமல்.

ஆன்லைனில் வாக்கி டாக்கி வாங்கிவிட்டேன். பேசிப் பார்க்கலாமா?

கூடாது. அனுப்பும் பொத்தானை அழுத்தவே கூடாது. விலை குறைவாகக் கிடைக்கிற கைக்கருவிகள் பலவற்றில் போலீஸ், கப்பல், விமானம் பயன்படுத்தும் அலைவரிசைப் பக்கம்கூடப் போய்விட முடியும். உரிமம் இல்லாமல் அனுப்புவது சட்டப்படி குற்றம். இப்படிப்பட்ட கருவிகளை உரிம விவரம் சொல்லாமல் ஆன்லைனில் விற்பதைத் தடுக்க மத்திய அரசு 2025இல் தனியாக வழிகாட்டு விதிகளே கொண்டுவந்தது. வாங்கியவர் வருத்தப்பட வேண்டாம். பேட்டரியைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டுத் தேர்வுக்குப் படியுங்கள். உரிமம் வந்தபின் அந்தக் கருவி சட்டப்படி பயன்படுத்தத் தக்கதுதானா என்று சேர்ந்து பார்ப்போம்.

தொடங்க எவ்வளவு செலவு ஆகும்?

கேட்பதற்கு ஒன்றும் ஆகாது. இணையம் வழியே கேட்கிற ரிசீவர்கள் உலகம் முழுக்க இருக்கின்றன; கைபேசியிலேயே 40 மீட்டர் அலைவரிசையை (அலையின் நீளத்தை வைத்து வந்த பெயர்) திருப்பிக் கேட்கலாம். கணினியில் செருகி அதையே ரிசீவராக்கும் சின்ன எஸ்.டி.ஆர். டாங்கிள் இரண்டு மூவாயிரத்துக்குள் கிடைக்கிறது. கைக்கருவி சில ஆயிரம். ஹெச்.எஃப். எனப்படும் நெடுந்தூரக் கருவி புதிதாக வாங்கினால் அரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

எங்கள் கருத்து ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்லுகிறோம்: முதலில் கருவி வாங்காதீர்கள். சில மாதம் கேளுங்கள். யார் எப்படி அழைக்கிறார்கள், எப்போது குறுக்கே பேசாமல் காத்திருக்கிறார்கள், பலவீனமான சிக்னலைக் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று காது படித்துவிட்டால் பாதி ஹாம் ஆகிவிட்டீர்கள். அப்புறம் முடிந்தால் சொந்தமாகச் செய்யுங்கள். ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை (அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி), கடையில் கிடைக்கும் சாதாரண பாகங்களைக் கொண்டே உலகம் முழுக்க ஹாம்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன வடிவமைப்பு அது. தானே சால்டர் செய்த கருவியில் முதல் பதில் வரும்போது கிடைக்கும் சந்தோஷத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வீட்டில் ஆண்டெனா கட்ட இடம் இல்லையே?

குமரி மாவட்டத்தில் இப்படிச் சொல்லலாமா? வீட்டைச் சுற்றி நாலு தென்னை இருந்தால் ஆண்டெனாவுக்குத் தூண் தயார்.

40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் ஆண்டெனாவின் கணக்கு இது: 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்துப் பத்து மீட்டராக இழுத்து, வெட்டிய இடத்தில், கருவிக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளைச் சேர்க்க வேண்டும். முதலில் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, ஆண்டெனா அளவு பொருந்துகிறதா என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நறுக்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் தென்னையின் குணத்தைக் கவனிக்க வேண்டும். மரம் ஆடும். இரண்டு மரத்திலும் கம்பியை இறுக்கிக் கட்டினால் ஆடி மாசக் காற்றில் ஒரே நாளில் அறுந்துவிடும். ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையின் கயிற்றை ஒரு கப்பியில் ஓட்டி, கீழே ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. கயிறு வேண்டுமென்றால் குளச்சல், முட்டம் பக்கம் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். வெயிலுக்கும் உப்புக்கும் தாங்கும் நைலான் கயிறு அங்கே நல்லதாகக் கிடைக்கும். கம்பியின் முனை ஓலையைத் தொடக்கூடாது. ஈர ஓலை பட்டால் அளவெல்லாம் மாறிவிடும். அதனால் முனைக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டராவது கயிறு விடுங்கள். ஏறுவதற்குத் தேங்காய் வெட்ட வரும் ஆளையே கேளுங்கள். வழக்கமான கூலிக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் சந்தோஷமாகக் கட்டித் தருவார். நீங்கள் ஏறாதீர்கள்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. செம்பு பச்சை பூத்து, மூட்டு அரித்து, ஒரே வருஷத்தில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கிவிடும். எவர்சில்வர் போல்ட், மூட்டுக்கு மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், அதன் மேல் இன்னொரு சுற்று சாதாரண டேப் என்று செய்தால் தாங்கும்.

இரண்டு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். ஈ.பி. லைன் பக்கத்தில், அறுந்தால் மேலே விழக்கூடிய தூரத்தில்கூட, ஆண்டெனா கட்டாதீர்கள். இரண்டாவது இடி. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் மத்தியானத்துக்கு மேல் இடி கடுமையாக இருக்கும். மேகம் கறுத்தால் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

இங்கிருந்து எவ்வளவு தூரம் பேச முடியும்?

வரைபடத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் கோயம்புத்தூர் 300 கிலோமீட்டருக்கு மேல். கொழும்போ 300க்கும் குறைவு. மாலத்தீவின் தலைநகர் மாலேயும் நம் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம், 600 கிலோமீட்டர் சொச்சம். அதனால் 40 மீட்டரில் பகலில் பேசும்போது சென்னை, பெங்களூரு, திருச்சூர் நண்பர்களோடு இலங்கைத் தமிழ்க் குரலும் சகஜமாக வந்து சேரும். அவர்களுடைய அழைப்புக்குறி 4எஸ் என்று தொடங்கும். ராத்திரியில் அதே அலைவரிசை இன்னும் தூரம் போகும். 20 மீட்டரில் மாலை நேரம் ஐரோப்பா திறக்கும். 10 மீட்டர் சூரியனின் தயவு. சூரியக் கரும்புள்ளிகள் கூடிக் குறைகிற 11 ஆண்டுச் சுழற்சியில் இப்போது நடப்பது 25ஆவது. அதன் உச்சக் காலத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தை ஒட்டிய வருஷங்களில் சின்னக் கருவியும் கண்டம் தாண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விசேஷமும் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு நம் தலைக்கு மேல் என்று சொல்லும்படி பக்கத்தில் போகிறது. 1963இல் முதல் ராக்கெட் கிளம்பிய, திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். எங்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்றால், மார்ச் ஏப்ரலிலும் செப்டம்பர் அக்டோபரிலும் பொழுது சாய்ந்தபின், நம் அலையை வானத்திலிருந்து திருப்பி அனுப்பும் மேலடுக்கு அயனிமண்டலம் கொந்தளிக்கும். அதுவரை தெளிவாக வந்த குரல் திடீரென்று படபடவென்று துடிக்கும். புதியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று கவலைப்பட்டு அழைப்பார்கள். கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் சில நாள் சரியாகிவிடும், சில நாள் ராத்திரி வரை ஆகாது. பெரிய ஆய்வகங்கள் அளக்கிற ஒன்றை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காதால் கேட்கிறோம்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே இருக்கிறேன். கைக்கருவியில் நாகர்கோவில் கேட்கவே இல்லையே?

கேட்காது, அதில் உங்கள் தவறும் இல்லை, கருவியின் தவறும் இல்லை. கைக்கருவியின் 2 மீட்டர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவில் வேளிமலை நிற்கிறது. விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் நிலமும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. பேச்சிப்பாறையில் நிற்பவருக்கு அலை எந்தப் பக்கமும் தப்ப வழியில்லை. மலையே இல்லாவிட்டாலும் பூமி வளைந்திருக்கிறது: 9 மீட்டர் உயர ஆண்டெனாவுக்கு அடிவானம் 12 கிலோமீட்டர்தான். 100 மீட்டர் உயரமென்றால் 40. கேட்டதை உடனே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை உயரத்தில் வைப்பது அதனால்தான். அப்படி ஒன்று எட்டும் வரை, அலையை ஒரே திசையில் குவிக்கும் சின்ன யாகி ஆண்டெனாவை வீட்டு மாடியில் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் நடுவில் இருக்கும் ஒருவர் செய்தியை வாங்கிக் கடத்துவார். கடத்துவதற்கும் நெட்டிலேயே பழகுகிறோம்.

கடலோரத்தில் கதை வேறு. காற்று அசையாத சில நாள்களில் கடல் மேல் ஈரக்காற்றும் உலர்காற்றும் அடுக்கடுக்காக நிற்கும். அந்த அடுக்குக்குள் சிக்கிய 2 மீட்டர் அலை கடலைத் தாண்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். அப்படிப்பட்ட காலையில் கைக்கருவியோடு கடற்கரையில் நின்றால் இலங்கைப் பக்கத்து ரிப்பீட்டரே கேட்க வாய்ப்பு உண்டு.

புயல், வெள்ளம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

2017 நவம்பர் 30 அன்று ஓகி அடித்தபோது இங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்ததும் பேச்சும் நின்றது. அதற்கு முன் 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்தச் சுனாமி நாளில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு வேறொரு காரணத்துக்காக அந்தமானில் நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்தது. மற்ற தொடர்புகள் அறுந்த நிலையில் அவர்கள் அன்றே செய்தி அனுப்பும் வேலைக்கு மாறினார்கள். முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஏற்கனவே அலைவரிசையில் இருந்தார்கள். கேட்பதற்கு எதிரே ஆளும் இருந்தது.

எங்கள் பயிற்சி முழுக்க இதைச் சுற்றித்தான். பேரிடர் அன்று பெட்டியிலிருந்து எடுக்கிற கருவி உதவாது. பேட்டரி செத்திருக்கும், கேபிள் காணாது, யார் எந்த அலைவரிசையில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. தினமும் நெட்டுக்கு வருகிறவரிடம் இது மூன்றும் தயாராக இருக்கும். மாதம் ஒரு நாள் கரண்ட் இல்லாமல், 12 வோல்ட் பேட்டரியில் மட்டும் நெட் நடத்துகிறோம்.

செய்தி அனுப்புவதிலும் ஒழுங்கு உண்டு. எண், அவசரமா சாதாரணமா, யாரிடமிருந்து, யாருக்கு, நேரம், இடம், செய்தி, மொத்தம் எத்தனை சொல். வாங்குகிறவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். "தெற்குத் தெருவில் நிறைய பேர் மாட்டிக்கிட்டாங்க" என்பது செய்தி ஆகாது. எந்த ஊர்த் தெற்குத் தெரு, எத்தனை பேர், அதில் நடக்க முடியாதவர் உண்டா, யார் கண்ணால் பார்த்தது? கேட்காத விவரத்தை நாமாகச் சேர்ப்பதும் கேட்டதைச் சுருக்குவதும் கூடாது.

நாங்களாக மீட்புப் பணிக்குக் கிளம்பிப் போவதில்லை. மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டால், சொன்ன இடத்தில் உட்கார்ந்து செய்தி கடத்துவோம். பொதுமக்கள் எப்போதும் முதலில் அழைக்க வேண்டியது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077.

எங்கள் வீட்டு ஆள் ஆழ்கடலுக்குப் போகிறார். உங்கள் ரேடியோவில் அவரோடு பேச முடியுமா?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கத்திலிருந்து வரும் தாய்மார்களும் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி இது. ஓகிக்குப் பிறகு இதை லேசாக எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது. புயல் எச்சரிக்கை வந்தபோது பல விசைப்படகுகள் ஏற்கனவே எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தன.

நேர்மையான பதில்: வழக்கமான பேச்சுக்கு முடியாது. படகில் இருப்பது கடல்வழி வி.ஹெச்.எஃப். ரேடியோ; அதன் அலைவரிசையும் உரிமமும் வேறு. ஹாம் அலைவரிசையில் தொழில் சம்பந்தமாகப் பேச அனுமதியும் இல்லை. படகிலிருந்து கரைக்கு அந்த வி.ஹெச்.எஃப். எட்டுவதும் ஏறக்குறைய 20, 30 கடல்மைல் வரைக்கும்தான். ஆனால் ஆபத்து அழைப்பு எந்த அலைவரிசையில் காதில் விழுந்தாலும் அதைக் கேட்டவர் விட்டுவிடக் கூடாது. எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இது பழக்கம்: தன் பேச்சை நிறுத்திவிட்டு, படகின் பெயர், இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எத்தனை பேர், என்ன ஆபத்து, நேரம் என்று எழுதிக்கொண்டு கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டு ஆள் கிளம்பும் முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும், அரசு அங்கீகரித்த டிரான்ஸ்பாண்டர் வேலை செய்கிறதா, வி.ஹெச்.எஃப்.இல் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டிருப்பார்களா என்று கேளுங்கள். படகுகளுக்குப் போய்க் கருவியின் பேட்டரி, ஆண்டெனா மூட்டு சரிபார்ப்பதைச் சொல்லிக்கொடுக்க எங்களில் சிலர் தயாராக இருக்கிறார்கள். கூப்பிடுங்கள், வருகிறோம்.

ஃபாக்ஸ் ஹண்ட் என்று சொல்கிறார்களே, அது என்ன?

சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை எங்கேயாவது ஒளித்து வைப்போம். அதுதான் நரி. ஆளுக்கொரு ரிசீவரோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மிகப் பிடித்தது இதுதான். ஆண்டெனாவைப் பிளாஸ்டிக் குழாயிலும் தையல்காரர் வைத்திருப்பது போலல்லாத, தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பிலும் அவர்களே செய்வார்கள். புதருக்குள் போனாலும் டேப் வளைந்து நிமிர்ந்துவிடும். சிக்னல் பலமாக வரும் திசையில் நடக்க வேண்டியதுதான், ஆனால் மலைப்பக்கத்தில் பாறையில் பட்டுத் திரும்பும் அலை ஏமாற்றும். நரிக்குப் பக்கத்தில் போனபின் எல்லாத் திசையிலும் ஒரே பலமாகக் கேட்கும். அப்போது ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். சத்தம் எங்கே குறைகிறதோ, உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நரி.

விண்வெளி நிலையத்தோடு பேசலாமாமே?

கேட்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பேசலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. ஒரு தடவை நம் வானத்தைக் கடக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அதில் இருக்கும் ஹாம் ரிப்பீட்டர் 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். வேகமாக வருவதால் டாப்ளர் விளைவில் அலைவரிசை மேலேயிருந்து கீழே நகரும், கூடவே திருப்பிக்கொண்டே போக வேண்டும். சில நாள்களில் 145.800இல் படங்கள் அனுப்புவார்கள். பள்ளி மைதானத்தில் கைபேசியை ரிசீவர் பக்கத்தில் வைத்து, ஒலியிலிருந்து படம் வரி வரியாக விரிவதைக் காட்டினால் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். நம் நாடும் ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று ஏவியது. எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம், 2014 வரை அது உழைத்தது.

எதையெல்லாம் பேசக்கூடாது?

வியாபாரம், அரசியல், மதம், ஒருவரைப் பற்றிய அவதூறு, சங்கேத மொழி. ஒலிபரப்பு மாதிரிப் பாட்டுப் போடுவதும் கூடாது. மற்றபடி வானிலை, ஆண்டெனா, உடம்பு நலம், வீட்டு மரச்சீனிக்கிழங்கு விளைச்சல் எல்லாம் பேசலாம், தமிழிலேயே. கேரள நண்பர்கள் மலையாளத்தில் பேச, நாம் தமிழில் பதில் சொல்வது இங்கே தினமும் நடப்பது.

பக்கத்து வீட்டு டி.வி.யில் இரைச்சல் வருமா? உடம்புக்குக் கெடுதலா?

ஒழுங்காகச் செய்த நிலையத்தால் டி.வி.க்குத் தொந்தரவு வருவது அரிது. வந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து வடிகட்டி போட்டுத் தருகிறோம். உண்மையில் தொந்தரவு எதிர்ப்பக்கமிருந்துதான் அதிகம். மலிவான எல்.இ.டி. பல்பும் சார்ஜரும் எங்கள் காதில் இரைகின்றன. உடம்பைப் பொறுத்தவரை, அனுப்பும்போது ஆண்டெனாவை யாரும் தொடாத உயரத்தில், ஆள் புழங்காத இடத்தில் வைப்பதே விதி.

கணினியில் எஃப்.டி.8 மட்டும் செய்தால் போதாதா?

கணினியே சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பி வாங்கும் முறை எஃப்.டி.8. 2017இல் வந்த இந்த முறை அருமையானது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லர் உருவாக்கியவர்களில் ஒருவர். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலையும் 15 விநாடிச் சுற்றுகளில் கணினி படித்துவிடும். இடம் குறைந்தவர்களுக்கும் சின்ன ஆண்டெனாக்காரர்களுக்கும் பெரிய உதவி. செய்யுங்கள். ஆனால் காலை நெட்டுக்கும் வாருங்கள். புயல் அன்று மனிதக் குரலை வாங்கி எழுதத் தெரிந்த ஆள் வேண்டும்.

வெளியூர் ஹாம் நான். விடுமுறைக்குக் கன்னியாகுமரி வருகிறேன். கருவி கொண்டுவரலாமா?

கட்டாயம், உரிமத்தின் நகலோடு. உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஹாம்கள் இடம் சொல்லும் முறையில் எங்கள் கட்டக் குறியீடு எம்.ஜே.88, மாவட்டம் முழுக்க அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கும். கூட்டம் அதிகமுள்ள முக்கடல் பக்கத்தைவிட, கிழக்கே வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரையும் மேற்கே முட்டமும் அமைதியானவை. உப்புநீர் முன்னால் விரிந்திருப்பதால் நேராக நிறுத்திய ஆண்டெனா அங்கே நன்றாக வேலை செய்யும். காற்று பலம், தூணுக்கு மூன்று பக்கமும் கயிறு கட்டுங்கள். கலங்கரை விளக்க வளாகத்துக்குள்ளோ கோட்டைக்குள்ளோ போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; அதற்கு நாங்கள் உதவுகிறோம். தொடர்பு உறுதி அட்டையில் போட வள்ளுவர் சிலையின் நல்ல படம் வேண்டுமென்றால் அதையும் தருகிறோம். வரும் முன் காலை நெட்டில் ஒரு குரல் கொடுங்கள். மட்டிப்பழக் குலையோடு ஸ்டேஷனுக்கே ஆள் வந்துவிடும்.